பேனா நீட்டாத பெருமாட்டிக்கு

துபாய் மாநகர் சத்வாவில், தையற்கடைகளுக்கு மேலே இரண்டாம் மாடியில் இயங்கும் கரைக்குரல் சமூக மரபு மையத்தின் இயக்குநராய்ப் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றி இன்று விடைபெறும் திருமதி ஜெயபாரதி அம்மையார் அவர்களின் திருமுன், மையத்தின் ஊழியர்கள் அன்போடும் அச்சத்தோடும் வாசித்தளிக்கும் மடல்.

அன்பின் அம்மையே! அடக்கத்தின் அணிகலனே! விண்ணப்பம் வரைவதில் வித்தகியே! விதிமுறை அறிந்த விவேகியே! காவிரிக் கரையில் பிறந்து, கடல் கடந்து வந்து, காற்றோடு போகவிருந்த கதைகளைக் கருவியில் பிடித்துக் காத்த காவலே! உழைப்பவர் உரைத்ததை உள்ளபடி உலகுக்கு உணர்த்திய உத்தமியே! வணக்கம்!

இன்னும் நான்கு வரிக்கு இத்தகைய மங்கலச் சொற்களை எழுதி வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிடுகிறேன். அவையோர் பொறுத்தருள்க.

இந்த மடலை எழுதியவனும் வாசிப்பவனும் மையத்தின் திட்ட அலுவலனான ராஜீவ். முன்வரிசையில், நமக்கு நல்கை வழங்கும் நிதியத்தின் மதிப்பீட்டு அலுவலர் ஹாலிதா அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் காயல்பட்டினத்தில் பிறந்தவர்கள். நான் எவ்வளவு செந்தமிழில் சுற்றி வளைத்தாலும் அவர்களுக்குப் புரிந்துவிடும். பின்வரிசையில், கதவோரம், ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்பிலிருந்து எங்கள் வேனில் வந்த பன்னீர்செல்வம் அண்ணன் அமர்ந்திருக்கிறார். இந்த இருவருக்கும் நடுவே நின்று நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் தங்களைப் பாராட்டிவிடுகிறேன் அம்மா. சொன்ன பிறகு பாராட்டுகிற தகுதி எனக்கு இருக்குமா என்று தெரியவில்லை.

இப்படிப்பட்ட மடல்களில் ‘அஞ்சா நெஞ்சம் படைத்தவரே’ என்று ஒரு வரி தவறாமல் வரும். தங்களுக்கு அதை எழுதினால் இந்த அவையே சிரிக்கும். மின்தூக்கி ஒருமுறை நாற்பது நிமிடம் நின்றுபோனதிலிருந்து இன்றுவரை படியேறியே அலுவலகம் வருபவர் தாங்கள். தங்கள் கடவுச்சீட்டின் நகல் ஒன்று கைப்பையில், ஒன்று அலுவலக மேசையில், ஒன்று வேனில், ஒன்று வீட்டு அரிசி டப்பாவில். “அரிசி டப்பாவுல எதுக்கும்மா?” என்று ஓட்டுநர் மணிமாறன் கேட்டதற்கு, “தீப்பிடிச்சா எதைத் தூக்கிட்டு ஓடுவேன்னு யோசிச்சுப் பார்த்தேன் மணி” என்றீர்கள். தீப்பிடித்தால் அரிசி டப்பாவோடு ஓடத் தயாராய் இருக்கும் இயக்குநர், இந்த வளைகுடா முழுக்கத் தேடினாலும் தாங்கள் ஒருவர்தான்!

ஆனால் அம்மையே, பயத்தையும் ஓர் ஊழியரைப் போல வேலைக்கு அமர்த்திக்கொண்டவர் தாங்கள். கடைசி நாளில் இணையதளம் படுத்துவிடும் என்ற பயத்தில், எந்த விண்ணப்பத்தையும் கெடு நாளுக்கு மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுவீர்கள். நான் இங்கே இருக்கும் ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட அது இரண்டு நாளாய்க் குறைந்ததில்லை. நாங்கள் முதுகுக்குப் பின்னால் தங்களுக்கு ‘மூணு நாள் அம்மா’ என்றே பெயர் வைத்திருந்தோம். அது தங்களுக்குத் தெரியும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இந்நாட்டில் நினைத்த மாத்திரத்தில் உண்டியல் குலுக்க முடியாது. அனுமதியின்றி நன்கொடை திரட்டுவது குற்றம். ஆகவே எங்களைப் போன்ற சிறிய அமைப்புக்கு நல்கைதான் மூச்சு. சமூக அமைப்புகளுக்கும், மரபு காக்கும் மையங்களுக்கும், பழங்குடி மக்களின் சங்கங்களுக்கும் உதவும் அந்த நிதியத்தின் கதவைத் தாங்கள் தட்டியபோது, நம்மிடம் இருந்தவை ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் மூன்று நாற்காலிகளும் மட்டுமே. கேம்ப்புகளில் வாழும் தமிழ்த் தொழிலாளர்களின் வாய்மொழி வரலாற்றைச் சேர்த்து வைக்கப் போகிறோம் என்று எழுதினீர்கள். கட்டடம் கட்டியவருக்குக் கல்வெட்டில் இடமில்லை, குரலிலாவது இருக்கட்டும் என்று எழுதினீர்கள். நல்கை கிடைத்தது. இன்று நம் பெட்டகத்தில் நானூறுக்கு மேற்பட்டோரின் குரல்கள் இருக்கின்றன.

அந்தக் குரல்களைப் பெறுவதற்குத் தாங்கள் ஒரு முறை வகுத்தீர்கள். நிதியத்தின் ஆண்டுக் கூட்டம் ஒன்றில், நீலகிரியிலிருந்து வந்திருந்த பழங்குடிச் சங்கத்துப் பெண்மணி ஒருவர், “எங்க ஆளுங்க தாளை நம்ப மாட்டாங்க, ஆளைத்தான் நம்புவாங்க” என்று சொல்லக் கேட்டு வந்தீர்கள். மறுவாரமே ஜெபல் அலியில் பன்னீர்செல்வம் அண்ணனைச் சந்தித்தோம். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர், கன்டெய்னர் யார்டில் வேலை. ஒப்புதல் படிவத்தையும் பேனாவையும் நான் நீட்டியதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“கையெழுத்துன்னாலே எனக்கு ஆகாது சார். வாயால எவ்ளோ வேணும்னாலும் சொல்றேன். பேனாவ மட்டும் நீட்டாதீங்க.”

காரணத்தைப் பிறகுதான் சொன்னார். முன்பு சவூதியின் ஜுபைலில் வேலை பார்த்தபோது, ரூமில் கூட இருந்தவர் ஒருவர் இவர் பெயரில் கையெழுத்துப் போட்டுத் தவணைக் கடன் வாங்கியிருக்கிறார். தகப்பனார் இறந்த செய்தி கேட்டு விமான நிலையத்துக்கு ஓடியவரை, கட்டாத அந்தக் கடனுக்காகப் பயணத் தடை இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தலைமகன் இங்கே நிற்க, அங்கே பங்காளி மகன் கொள்ளி வைத்தான்.

அன்று தாங்கள் என் கையிலிருந்த பேனாவை வாங்கித் தங்கள் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினீர்கள். “பேனா உள்ளே போயிடுச்சுங்க. உட்காருங்க” என்றீர்கள். படிவம் முழுவதையும் தமிழில் நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினீர்கள். அவர் தம் பெயர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றையும் சொல்லி, ‘சம்மதம்’ என்று கருவியில் பதிந்தார். அன்றுமுதல் அதுவே நம் மையத்தின் வழக்கம் ஆயிற்று. பேனா நீட்டாத பெருமாட்டி என்று தங்களை இந்த மடல் அழைப்பது அதனால்தான்.

இதுவரை பாராட்டு. இனிமேல் வருவது வேறு.

சென்ற நவம்பரில் தங்கள் அண்ணன் மகள் திருமணத்துக்காகத் தாங்கள் திருச்சி சென்றீர்கள். ஆண்டறிக்கை அனுப்பும் பொறுப்பை என்னிடம் விட்டுச் சென்றீர்கள். அந்த ஆண்டுதான் நிதியம் புதிய இணையதளத்துக்கு மாறியிருந்தது. அது ஒலிக்கோப்பை ஏற்கவில்லை. கையெழுத்திட்ட படிவம்தான் வேண்டும் என்று சிவப்பில் காட்டிக்கொண்டே இருந்தது. “ஏதாவது சிக்கல் வந்தா ஹாலிதா மேடத்துக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்க ராஜீவ், கேட்கிறதுல தப்பில்லை” என்று போகும்போது சொல்லியிருந்தீர்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவார்களோ, நல்கை நின்றுவிடுமோ, நின்றால் என் விசா என்னாகும், ஆறு மாதக் கர்ப்பிணி மனைவியோடு எங்கே போவேன் என்று ஒரு பயத்துக்கு ஒன்பது பயம் குட்டி போட்டது. மூன்று நாள் முன்னதாக அனுப்ப வேண்டியவன், கெடு நாள் காலைவரை கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மணிமாறன் அப்போது டீயோடு வந்தார். நிலைமையைச் சொன்னேன். “அண்ணே, கேம்ப்புல பார்சல் வாங்கறதுக்கும் கேஸ் சிலிண்டர் வாங்கறதுக்கும் ரூமுக்கு ஒருத்தன்தான் எல்லாருக்கும் சேத்துப் போடுவான். அவங்கதான் வாயால சம்மதம் சொல்லிட்டாங்கள்ல? யல்லா, போட்டு அனுப்புங்க, கலாஸ், வேலை முடிஞ்சுது” என்றார். அவர் மேல் பழியில்லை. கேம்ப்பில் பதினோரு ஆண்டு இருந்தவர், அங்குள்ள வழக்கத்தைச் சொன்னார். படித்தவன், படிவம் என்றால் என்னவென்று தெரிந்தவன், பேனாவை எடுத்தவன் நான்.

அந்த அறிக்கைக்கு உரிய முப்பத்தொரு பேரின் படிவங்கள். இரண்டு பேனாக்கள். சிலவற்றை வலக்கையால் போட்டேன், சிலவற்றை இடக்கையால். மாலை நான்கு மணிக்கு அனுப்பினேன். தளத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்த அந்த நிமிடத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஜனவரியில் நேரடி ஆய்வுக்காக ஹாலிதா அவர்கள் ஜெபல் அலி கேம்ப்புக்கு வந்தார்கள். தாங்களும் நானும் உடன் சென்றோம். சாப்பாட்டுக் கூடத்தில் பன்னீர்செல்வம் அண்ணன் சிரித்த முகமாய் வந்து உட்கார்ந்தார். ஹாலிதா அவர்கள் வழக்கம்போல் படிவத்தை அவர்முன் வைத்து, “இது உங்க கையெழுத்துதானே?” என்று கேட்டார்கள். அண்ணனின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன்.

“நான் போடலம்மா. நான் எதுலயும் போடல. எம்பேர்ல என்னா எழுதியிருக்கீங்க? எவ்ளோ எழுதியிருக்கீங்க? அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணம்மா, என்னய ஊருக்கு விடுவாங்களா?”

மேடத்திடம் பேசினாலும் அவர் கண் என்மேல்தான் இருந்தது. ஆறடி தூரத்தில், ஒலிப்பதிவுக் கருவியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் நின்றேன். வாய் திறந்தது தாங்கள்தான். அந்தப் படிவத்தைப் பார்த்த மாத்திரத்தில் நடந்ததெல்லாம் தங்களுக்குப் புரிந்துவிட்டது. எனினும், “மேடம், இயக்குநர் நான். இதுக்குப் பொறுப்பு நான்” என்று சொல்லிவிட்டு, பன்னீர்செல்வம் அண்ணனின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “கடன் எதுவும் இல்லைங்க. இது வேற தாள். உங்களை யாரும் நிறுத்த மாட்டாங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். தங்கள் குரலும் அப்போது நடுங்கியது. லிஃப்டுக்கே நடுங்குகிறவர் அல்லவா தாங்கள்!

ஹாலிதா அவர்கள் கிளம்பும்போது சொன்ன ஒரு வாக்கியம் இன்றும் என்னை அறுக்கிறது. “கேட்டிருந்தா ரெண்டு வாரம் கூடுதலாக் கொடுத்திருப்போமே.”

திரும்பும் வழியில் வேனில், தாங்கள்தான் கேட்டீர்கள். ஒரே ஒரு கேள்வி.

“பயந்துட்டீங்களா ராஜீவ்?”

“ஆமாம்மா.”

“எனக்கும் இப்ப பயமாத்தான் இருக்கு” என்றீர்கள். கொஞ்சத் தூரம் சென்றபின், “பிரசவம் நல்லபடியா முடியட்டும். அப்புறம் நீங்களே சொல்லுங்க” என்றீர்கள்.

பிப்ரவரியில் மகள் பிறந்தாள். அனன்யா என்று பெயரிட்டோம். வெள்ளிச் சங்கோடு வந்து முதலில் பார்த்தவர் தாங்கள். அன்று சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கு விசா வரட்டும் என்றேன். விசா வந்தது. தடுப்பூசி முடியட்டும் என்றேன். சாக்குப்போக்குச் சொல்லச் சொல்ல நாவுக்கு அது பழகிவிட்டது. இதற்கிடையில், பொய்க் கையொப்பங்களுக்கு இயக்குநரே காரணம் என்று நிதியத்தின் அறிக்கை வந்தது. பன்னீர்செல்வம் அண்ணன் உட்படப் பதினொரு பேர் தம் குரலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நல்கைப் புதுப்பிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. நிர்வாகக் குழு தங்களை விலகச் சொன்னது. இன்னும் இரண்டு ஆண்டு பணி மீதமிருக்க, தாங்கள் விலகல் கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தீர்கள். சுவரில் தொங்கும் பதாகையில் ‘பணிநிறைவு விழா’ என்று இருக்கிறது. அவையோரே, அது நிறைவு அன்று. என் வேலையைக் காப்பாற்ற இந்த அம்மா தம் வேலையைக் கொடுத்தார். வேலையோடு இந்த ஊரில் இருக்கும் உரிமையும் போயிற்று. நாளை அவருக்கு விமானம்.

இந்த ஐந்து மாதமும் நான் எப்படி இருந்தேன் என்று சொல்லிப் பரிவு தேட மாட்டேன். கைபேசியில் ஹாலிதா அவர்களின் பெயர் ஒளிரும்போதெல்லாம் கழிவறைக்குள் போய்க் கதவடைத்துக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன். தங்களுக்குப் பாராட்டு மடல் எழுதும் வேலையையும் சக ஊழியர்கள் என்னிடமே கொடுத்தார்கள். ‘வாய்மையின் வடிவே’ என்று எழுத ஆரம்பித்தேன். பேனா நகரவில்லை. நேற்று பானுப்பிரியாவிடமும் மணிமாறனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். நம் ஒலிப் பெட்டகத்தைக் காக்கும் பானுப்பிரியா அழுதார். பிறகு என்னைத் திட்டினார். “அம்மா பேரு மண்ணாப் போச்சு, நீங்க பாட்டுக்கு கேக் வெட்டலாம்னு இருந்தீங்களா?” என்று கேட்டார். மணிமாறன் மட்டும், “நானும் சொன்னவன்தானண்ணே, நானும் நிக்கறேன்” என்றார். இதோ, நிற்கிறார்.

ஹாலிதா அவர்களே, அந்த முப்பத்தொரு கையொப்பங்களையும் இட்டவன் நான். இயக்குநர் அம்மா அப்போது இந்த நாட்டிலேயே இல்லை. இதையெல்லாம் எழுத்தில், விடுப்பு நாட்களின் சான்றோடு, இன்று காலை தங்களுக்கும் நிர்வாகக் குழுவுக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். புதுப்பிப்பு பற்றி நிதியம் முடிவெடுக்கும் நாள் புதன்கிழமை. இன்று ஞாயிறு. அம்மா, இந்த ஒன்றையாவது மூன்று நாள் முன்னதாக அனுப்பியிருக்கிறேன்.

இதனால் மையம் பிழைக்குமா மூடப்படுமா, எனக்குத் தெரியாது. என் வேலை போகலாம். அதற்கு மேலும் வரலாம். நேற்று மனைவியிடம் சொன்னபோது அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். பயம் இன்னும் போகவில்லை அம்மா. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை. ஆனால் நாளை தாங்கள் விமானத்தில் ஏறும்போது, செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு ஏறக் கூடாது. அரிசி டப்பாவில் இருக்கும் நகலையும் மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பன்னீர்செல்வம் அண்ணே, தங்கச்சி கல்யாணத்துக்கு நீங்கள் போய் வந்தீர்கள் என்று மணிமாறன் சொன்னார். விமான நிலையத்தில் முத்திரை குத்தும்வரை உங்கள் கை ஐஸாய்க் குளிர்ந்து கிடந்தது என்றும் சொன்னார். அந்தக் குளிர் என்னால் வந்தது. மன்னிக்கும்படி கேட்கும் உரிமைகூட எனக்கு இல்லை. உங்கள் குரலும் மற்றப் பத்துப் பேரின் குரலும் பெட்டகத்திலிருந்து நீக்கப்பட்டு, உங்களிடமே ஒப்படைக்கப்பட்டுவிட்டன. திரும்பத் தாருங்கள் என்று நாங்கள் கேட்க மாட்டோம்.

அம்மையே! நலம் பல பெற்று, நூறாண்டு நோயின்றி வாழ்க! திருச்சியில் தங்கள் வீடு எத்தனையாவது மாடியில் இருந்தாலும் படியேறும் கால்கள் வலுவாய் இருக்கட்டும்! தங்களோடு சிரித்து விளையாடப் பேரர் பலர் வரட்டும்! எவரேனும் தங்களைப் பார்த்து ‘நீங்கள் பயந்தவராமே’ என்று கேட்டால், ஆம் என்று சொல்லுங்கள். பயந்துகொண்டே பொறுப்பேற்றவர் என்று நாங்கள் சேர்த்துச் சொல்வோம். எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்வோம்.

இந்த மடலைச் சட்டமிடுவதற்காகப் பானுப்பிரியா எடுத்து வந்திருக்கிறார். கீழே கையொப்பங்களுக்கு இடம் விட்டிருந்தோம். அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். தங்கள் முன்னிலையில் பேனாவைத் தொட எங்களுக்கு மனம் வரவில்லை. மேசையின் மேல் நம் பழைய ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. தங்கள் வழக்கப்படி ஊழியர் ஒவ்வொருவரும் எழுந்து சொல்வோம். முதலில் நான்.

பெயர் ராஜீவ். தகப்பனார் பெயர் சேதுமாதவன். ஊர் மன்னார்குடி. இந்த மடலில் உள்ளவை யாவும் நடந்தவை. முப்பத்தொரு கையொப்பங்களும் என்னுடையவை.

சம்மதம்.

இங்ஙனம்,
பேனா தொடாமல், குரலால்,
கரைக்குரல் சமூக மரபு மையத்தின் ஊழியர்கள்,
சத்வா, துபாய்.